வேண்டுதல் ஓட்டம்

கீழ்பென்னாத்தூர்
4.9.1977

அன்புத் தம்பி முருகையனுக்கு,

அக்கா ஆதிலட்சுமி ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. நானும் உங்க மாமாவும் சௌக்கியம். நீ மெட்ராஸ் போய்ச் சேர்ந்துவிட்டாய் என்பதை அம்மா பஸ் ஏறி வந்து சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நன்றாக ஓடுகிறான் என்று ரயில்வேயில் கூப்பிட்டு வேலை கொடுத்திருக்கிறார்கள். ஒரு கார்டு வாங்கி நாலு வரி கிறுக்குவதற்கு உனக்கு நேரமில்லையா?

இங்கே கடலை பிடுங்க ஆள் கிடைக்கவில்லை. எனக்கு ஐந்தாவது மாதம். குனியாதே, தூக்காதே, வெயிலில் நிற்காதே என்று மாமியார் சட்டம் போடுகிறார். உங்க மாமாவைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதிர்ந்து பேசமாட்டார். ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார். "எங்க வீட்டுக்காரி என்னை மாதிரி ஒருத்தன் கெடைக்கணும்னு ஒன்றரை வருஷம் மலையச் சுத்தி ஓடினா. நடக்கலை, ஓட்டம்!" என்பார். வந்தவர்கள் என்னைப் பார்த்துக் கும்பிடாத குறைதான். நான் காப்பி போடுகிற சாக்கில் உள்ளே போய்விடுவேன்.

நம்ம அம்மா செய்த வேலையைப் பார்த்தாயா? திருவண்ணாமலையில் நம்ம பள்ளிக்கூட மைதானத்தில் டிரில் மாஸ்டர் ராமதாஸ் என்னைக் கையைப் பிடித்து வெளியே தள்ளாத குறையாகத் துரத்தினாரே, "பசங்க ஓடற எடத்துல பொட்டப்புள்ளைக்கு இன்னா வேலை"ன்னு, அன்றைக்கு அம்மா போட்ட திட்டம் அது. "மைதானத்துல ஓடினாத்தானே கேப்பாங்க? மலையச் சுத்தறவளை எவன் கேப்பான்?" என்றாள். தெருவில் எல்லாரிடமும், பொண்ணுக்கு நல்ல வரன் அமைய வேண்டுதல் என்று சொல்லிவிட்டாள். மலையை நிறைமாத கர்ப்பிணி மாதிரி மெல்ல நடந்து சுற்றவேண்டும் என்று பெரியவர்கள் நியாயம் பேசினார்கள். "அது நடக்கறவங்களுக்கு. இவளுது ஓட்ட வேண்டுதல்" என்று ஒரே போடாகப் போட்டாள். துணைக்கு உன்னை அனுப்பினாள். முதல் நாள் நிருதி லிங்கம் வருவதற்குள் நீ உட்கார்ந்து அழுதாயே!

கடைசியில் என்ன ஆயிற்று? அடி அண்ணாமலையில் என்னைப் பார்த்த ஒரு அம்மா, பக்தியான பொண்ணு என்று விசாரித்துக்கொண்டு தாம்பாளத்தோடு வந்துவிட்டார். அவர்தான் என் மாமியார். வேண்டுதல் பலித்தாயிற்று, இனி எதற்கு ஓடவேண்டும் என்று ஊரே கேட்டது. அம்மாவால் வாய் திறக்க முடியவில்லை. வாயால் கெட்டது தவளை மட்டுமில்லை.

போகட்டும். நீ ஓடு. ஒரு நாளும் என்னை முந்தாதவன், அங்கே யாரையாவது முந்திக் காட்டு.

அன்புடன்,
அக்கா ஆதிலட்சுமி


பெரம்பூர், சென்னை
22.9.1977

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி முருகையன் வணக்கம். எழுதாதது தப்புதான், திட்டிக்கொள். இங்கே காலையில் பயிற்சி, பிறகு ஒர்க்ஷாப் வேலை, மாலையில் மறுபடி பயிற்சி. அறையில் நாலு பேர். எல்லாரும் பெரிய ஓட்டக்காரர்கள்.

ஒரு வேடிக்கை கேள். முதல் நாள் ஓடி முடித்ததும் கோச் என்னைக் கூப்பிட்டு, "ஏம்பா, வலது கை நல்லா வீசறே. இடது கை மட்டும் ஏன் இடுப்போட ஒட்டியிருக்கு? எதையாவது பிடிச்சிருக்கியா?" என்று கேட்டார். எனக்கே அப்போதுதான் தெரிந்தது. நீ தாவணி நுனியை இடது கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவாய் இல்லையா? ஒன்றரை வருஷம் உன் பின்னாலேயே ஓடினவன், ஓட்டம் என்றால் அப்படித்தான் என்று நானும் கையை மூடிக்கொண்டே ஓடியிருக்கிறேன்!

"எங்கக்காவைப் பார்த்துக் கத்துக்கிட்டேன் சார், அவங்கதான் எனக்குக் குரு" என்று விவரத்தைச் சொன்னேன். கோச் சிரிக்கவில்லை. மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து எனக்குத் "தாவணி" என்று பேர் வைத்துவிட்டார்கள். சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றால் "லேடீஸ் முன்னால போங்க" என்கிறார்கள். நேற்று என் பெட்டிமேல் யாரோ பூ வைத்திருந்தார்கள்.

எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. வேடிக்கையாகத்தான் எழுதினேன். உடம்பைப் பார்த்துக்கொள். மாமாவுக்கு என் வணக்கம்.

உன் தம்பி,
முருகையன்


கீழ்பென்னாத்தூர்
30.9.1977

அன்புத் தம்பிக்கு,

வருத்தமில்லை என்று எழுதினால் எனக்குத் தெரியாதா? அழுத்தி எழுதி காகிதம் கிழிந்திருக்கிறது.

அந்தப் பசங்களிடம் சொல், அந்தத் தாவணி முன்னால் போயிற்று, நான் பின்னால்தான் போனேன் என்று. ஒன்பது மைல் சுற்றி வந்து ராஜகோபுரத்துக்கு எதிரில் நான் முகம் கழுவி முடித்த பிறகுதான் நீ வந்து சேருவாய். அதையும் சொல். சிரிக்கிறவனை ஒரு நாள் என்னோடு ஓடிப் பார்க்கச் சொல். இப்போது வேண்டாம், வயிறு தள்ளிவிட்டது.

எல்லார் எதிரிலும் "எங்கக்கா" என்று சொன்னேன் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தை மட்டும் நாலு தரம் படித்தேன். மாமா என்னவென்று கேட்டார். தம்பிக்கு அங்கே சாப்பாடு பிடித்திருக்கிறதாம் என்று சொல்லி வைத்தேன்.

கையை மாற்றிக்கொள்ளாதே. கோச் சொன்னால் மாற்றிக்கொள்.

உன் அக்கா,
ஆதிலட்சுமி


கீழ்பென்னாத்தூர்
18.1.1980

அன்புத் தம்பி முருகையனுக்கு,

அக்கா ஆசீர்வாதம். பொங்கலுக்கு வருவாய் என்று கஸ்தூரி வாசலிலேயே நின்றிருந்தாள். இரண்டு வயதுப் பிள்ளையை ஏமாற்றிவிட்டாய். மாநிலப் போட்டியில் ஆயிரத்தைந்நூறு மீட்டரில் நீ முதலாவது வந்ததைப் பேப்பரில் பார்த்து, மாமா தெருவெல்லாம் படித்துக் காட்டினார். "எங்க மச்சான்" என்று அவர் சொல்வதைக் கேட்கவேண்டுமே!

இப்போது காரியத்துக்கு வருகிறேன். எங்கள் ஊருக்குக் கிராம சேவிகா ஒருவர் வந்திருக்கிறார், ஜோதியம்மாள் என்று பெயர். வேலூரில் பிப்ரவரி இருபத்துநாலாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கிராமத்துப் பெண்களுக்கு விளையாட்டுப் போட்டி நடக்கிறதாம். கல்யாணமானவர்களும் கலந்துகொள்ளலாம். ஆயிரத்தைந்நூறு மீட்டர் ஓட்டமும் இருக்கிறது. அதைக் கேட்டதும் "நான் ஓடுவேங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலமே மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆமாம், எல்லாவற்றையும். வேண்டுதல் என்று அம்மா சொன்னது பொய், எனக்கு ஓடப் பிடிக்கும், ஓடுவதற்காகத்தான் ஓடினேன் என்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.  "வேலூருக்குப் போறதுக்காக இப்படிச் சொல்றியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். நம்பவில்லை. அம்மாவைக் கேட்கலாம் என்றால், அவள் நிச்சயதார்த்தத்தன்று கற்பூரம் அடித்து வேண்டுதல்தான் என்று சத்தியம் செய்தவள். இப்போது மாற்றிச் சொல்லமாட்டாள்.

கடைசியில் அவரே சொன்னார்: "உன் தம்பியைக் கேப்போம். பெரிய ஓட்டக்காரன், கூடவே ஓடினவன். அவன் வந்து 'ஆமா, எங்கக்கா ஓட்டக்காரி, அவங்களைப் பாத்துதான் நான் ஓடினேன்'னு சொல்லட்டும். நானே உன்னை வேலூருக்குக் கூட்டிட்டுப் போறேன்." சொன்ன சொல் தவறாதவர், உனக்கே தெரியும்.

ஒரு நாள் வந்துவிட்டுப் போ, தம்பி. வர முடியாவிட்டால் மாமாவுக்கு நாலு வரி எழுது. நீ மெட்ராஸில் எல்லார் எதிரிலும் சொன்னதுதானே? அதையே இங்கே சொல். வேறு எதுவும் நான் உன்னைக் கேட்டதில்லை.

கடலைக் கொல்லைப் பக்கம் யாரும் இல்லாதபோது ஓடிப் பார்த்தேன். மூச்சு வாங்குகிறது. ஆனால் வருகிறது.

உன் அக்கா,
ஆதிலட்சுமி


பெரம்பூர், சென்னை
2.2.1980

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. இங்கே தேசியப் போட்டிக்கான முகாம் நடக்கிறது, ஒரு நாள்கூட லீவு இல்லை. ஆனாலும் பதினேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வந்துவிடுவேன். கடிதத்தில் எழுதுவதைவிட மாமாவிடம் நேரில் சொல்வதுதான் மரியாதை. நீ கவலைப்படாமல் ஓடிப் பழகு. கஸ்தூரிக்கு முத்தம்.

முருகையன்


கீழ்பென்னாத்தூர்
26.2.1980

முருகையனுக்கு,

பதினேழாம் தேதி மூன்று பஸ்ஸுக்கும் ஆள் அனுப்பிப் பார்த்தேன். கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தோம். நீ வரவில்லை. முகாமில் விட்டிருக்கமாட்டார்கள், கடிதமாவது வரும் என்று இருந்தேன்.

இருபத்தோராம் தேதி பேப்பர் வந்தது. சலூனில் பார்த்துவிட்டு, உன் படம் போட்டிருக்கிறது என்று மாமா ஓட்டமாக வீட்டுக்கு வந்தார். எங்கள் எல்லாரையும் உட்காரவைத்துப் படித்தார். என்னால் மறக்க முடியவில்லை, அப்படியே எழுதுகிறேன்: "எனக்கு ஓடச் சொல்லிக்கொடுத்தவர் திருவண்ணாமலையில் எங்கள் டிரில் மாஸ்டர் ராமதாஸ். இடது கையை இடுப்போடு வைத்து ஓடுவதும் அவர் கற்றுக்கொடுத்த முறைதான். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் ஓடியதில்லை."

மாமா அந்த வரியைப் படித்துவிட்டு நிறுத்தினார். என்னைப் பார்த்தார். அப்போதும் கோபமில்லை. தனியாகக் கூப்பிட்டு, "லட்சுமி, ஓடணும்னு ஆசைன்னா ஆசைன்னு சொல்லு. அதுக்காக நம்மளை சேத்துவெச்ச வேண்டுதலையே பொய்யினு சொல்லலாமா? சாமி குத்தம் ஆயிடும். உன் தம்பியே சொல்லிட்டான் பாரு" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஒரு மாதமாக அவர் சரியாகச் சாப்பிடவே இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜோதியம்மாள் வேன் எடுத்துக்கொண்டு வாசலுக்கே வந்தார். நான் பின்கட்டில் நெல் அவித்துக்கொண்டிருந்தேன். மாமியார் ஏதோ பதில் சொல்லி அனுப்பினார். முதலாவது வந்தவள் ஆற்காட்டுப் பக்கமாம், மூன்று பிள்ளை பெற்றவளாம். நன்றாக இருக்கட்டும்.

என் பேரைச் சொல்லாமல் விட்டிருக்கலாம், முருகையா. அதுகூடப் பரவாயில்லை. என்னைத் துரத்தின ஆளின் பேரைச் சொல்ல உனக்கு எப்படி மனது வந்தது? என் கையை எடுத்து அவருக்குக் கொடுத்துவிட்டாயே.

ஆதிலட்சுமி


பெரம்பூர், சென்னை
5.3.1980

அக்கா,

காலில் விழுந்து கேட்கிறேன், என்னை மன்னித்துவிடு. நிருபர் கேட்டபோது முகாமில் இருந்த அத்தனை பேரும் சுற்றி நின்றார்கள். "சொல்லு தாவணி, யாரைப் பாத்துக் கத்துக்கிட்டே, சொல்லு" என்று ஒருத்தன் காதில் சொன்னான். உன் பேர் வாய் வரைக்கும் வந்தது அக்கா. பேப்பரிலும் வந்துவிட்டால் இந்த ஜென்மத்துக்கும் அந்தப் பேர் போகாது என்று தோன்றிவிட்டது. வேறு ஒரு பேர் வந்து விழுந்துவிட்டது. அது பதினைந்தாம் தேதி நடந்தது. அதன் பிறகு உங்கள் எதிரில் எந்த முகத்தோடு வந்து நிற்பேன்?

மாமாவுக்கு இப்போதே உண்மையை எழுதட்டுமா? ஒரு வரி பதில் போடு. நீ எழுதச் சொன்னால் எழுதுகிறேன்.

முருகையன்


பெரம்பூர், சென்னை
20.10.1986

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். ஆறு வருஷமாக நீ எனக்கு ஒரு வரி எழுதவில்லை. அம்மா காரியத்தில் பார்த்தோம், இலை போட்டுப் பரிமாறினாய், போதுமா என்று கேட்டாய். மாமாவுக்கு வாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது என்று கேள்விப்பட்டுத் தை மாதம் வந்தபோதும் அவ்வளவுதான் பேசினாய். மாமா படுத்தபடியே அந்த வேண்டுதல் கதையை எனக்கும் சொன்னார். நானும் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டேன். திரும்பி வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் எனக்கு மனசு ஆறவில்லை.

முழங்கால் போன பிறகு நான் ஓடுவதில்லை, புதுப் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். அதில் அப்துல் என்று ஒருவன், வாணியம்பாடிப் பையன், பத்தொன்பது வயது. போன வாரம் அவன் பெட்டியைத் திறந்தபோது, மூடியின் உள்பக்கம் ஒரு பெண்ணின் படத்தை ஒட்டியிருந்தான். இப்போது சியோல் ஆசியப் போட்டியில் பதக்கங்களாக வாங்கி வந்திருக்கிறாளே, அந்தக் கேரளத்துப் பெண். "யாருடா இது?" என்றேன், தெரியாத மாதிரி. "இவங்களை மாதிரி ஓடணும் சார். இவங்கதான் சார் எனக்கு எல்லாம்" என்றான். அறையில் பத்துப் பையன்கள் இருந்தார்கள். ஒருத்தன்கூடச் சிரிக்கவில்லை அக்கா. இன்னொருத்தன், அவள் கடைசி நூறு மீட்டரில் எப்படி உடம்பைச் சாய்க்கிறாள் என்று நடித்துக் காட்டினான். எல்லாரும் கவனமாகப் பார்த்தார்கள். நான் வெளியே வந்து குழாயடியில் நின்று அழுதேன். அவன் சர்வசாதாரணமாகச் சொன்ன ஒரு வார்த்தைக்கு எனக்குத் தைரியம் இல்லாமல் போயிற்றே.

அடுத்த நாள் இந்தப் பையன்களைப் பற்றி எழுத ஒரு நிருபர் வந்தார். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன் பேர், மலைப்பாதை, மைதானத்திலிருந்து துரத்தியது, வரனுக்கு வேண்டுதல் என்று அம்மா கட்டிவிட்ட கதை, தாவணி, இந்த இடது கை. ஒன்று விடாமல் சொன்னேன். பேப்பரில் வந்துவிட்டது. வெட்டி இதோடு வைத்திருக்கிறேன். "ஆண்பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுத்த தாவணி" என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். பையன்கள் உன்னைப் பார்க்கவேண்டும் என்கிறார்கள்.

ஆறு வருஷம் தாமதம்தான். இப்போதாவது மனசு இறங்கு அக்கா.

உன் தம்பி,
முருகையன்


கீழ்பென்னாத்தூர்
3.11.1986

அன்புத் தம்பி முருகையனுக்கு,

அக்கா ஆசீர்வாதம். உன் கடிதமும் பேப்பரும் வந்தன. என் பேரை அச்சில் பார்த்ததும் கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உன் மேல் எனக்கு இருந்த கோபம் அந்த நிமிஷமே போய்விட்டது. இதை முதலில் தெரிந்துகொள். பிறகு நான் சொல்லப்போவதைப் பொறுமையாகப் படி.

தை மாதம் நீ வந்துபோன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. சித்திரையில் ஒரு நாள் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப எனக்காக ஓடினியே லட்சுமி, மறுபடி ஓடறியா? உன் வேண்டுதல் ஒரு தரம் பலிச்சிருக்கு, எனக்குக் கால் வந்துடும்" என்றார். மறுக்க முடியுமா? அன்றிலிருந்து செவ்வாய்தோறும் முதல் பஸ் பிடித்துத் திருவண்ணாமலை போகிறேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடுகிறேன். முதல் நாள் ரமணாசிரமம் தாண்டுவதற்குள் உட்கார்ந்துவிட்டேன். ஆடி மாதத்திலிருந்து எங்கேயும் நிற்காமல் ஒன்பது மைலும் ஓடுகிறேன், முருகையா. முப்பத்தோரு வயதில்! அவருக்குக் கால் வரவேண்டும் என்று கும்பிட்டுவிட்டுத்தான் கிளம்புகிறேன். அடி அண்ணாமலை வருவதற்குள் வேண்டுதல் மறந்துபோகிறது. மூச்சும் மண்ணும் மட்டும்தான் இருக்கின்றன. இதை உன்னைத் தவிர யாரிடம் சொல்லுவேன்?

அவருக்கும் குணம் தெரிந்தது. இடது கை விரல் இரண்டு அசைய ஆரம்பித்தன. தைலமும் நாளும் செய்த வேலை என்று டாக்டர் சொன்னார், அவர் என் ஓட்டம்தான் என்றார். வருகிறவர்களிடமெல்லாம் விரலை அசைத்துக் காட்டுவார்.

நீ கொடுத்த செய்தியை சலூன்காரர் வந்து அவருக்குப் படித்துக் காட்டிவிட்டார், நல்லது செய்வதாக நினைத்து. நான் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வரும்போது அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். இரண்டு நாள் பச்சைத் தண்ணீர் தொடவில்லை. மூன்றாம் நாள், "அப்பவும் எனக்காக ஓடலை, இப்பவும் எனக்காக ஓடலை, இல்லே?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது விரலை அசைத்துப் பார்ப்பதே இல்லை. இனிமேல் மலைக்குப் போகாதே என்று சொல்லிவிட்டார். ஒரு செவ்வாய் போயிற்று. நாளைக்கும் போகமாட்டேன்.

வருகிற ஞாயிறு, ஒன்பதாம் தேதி நீ வரவேண்டும். இந்தத் தடவை தவறாதே. மாமாவிடம் உட்கார்ந்து, பேப்பர்க்காரன் தன் இஷ்டத்துக்கு எழுதிவிட்டான் என்று சொல். அக்கா ஓட்டக்காரி இல்லை, வேண்டுதலுக்காகத்தான் ஓடினாள், நான் துணைக்குப் போனேன், எனக்குக் கற்றுக்கொடுத்தவர் டிரில் மாஸ்டர்தான் என்று சொல். உன் சொல்லை அவர் நம்புவார். அப்போதும் நம்பினார். நான் ஓட்டக்காரி இல்லை என்று நீ சொன்னால்தான் அவருக்கு உயிர் வரும், எனக்கும் அந்த மலைப்பாதை கிடைக்கும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை, தம்பி. அந்தப் பையன்களைப் பார்க்க நான் வரமுடியாது. அப்துலுக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல்.

இன்னொன்று. கஸ்தூரி அந்தப் பேப்பரைப் பள்ளிக்கூட நோட்டில் ஒட்டிவைத்திருக்கிறாள். "நெசமாவே நீதானாம்மா?" என்று பத்துத் தரம் கேட்டுவிட்டாள். பிறகு சொல்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அப்பா கட்டிலை விட்டு அவள் நகரமாட்டாள், நீ பேசும்போது பக்கத்திலேயே இருப்பாள். அவளை வெளியே அனுப்பாதே. எட்டு வயதுப் பிள்ளை, அவளுக்கு மட்டும் உண்மை தெரிந்தால் என்றைக்காவது அப்பாவிடம் உளறிவிடுவாள். அவளும் நம்பும்படி சொல்லிவிடு. நான் அடுப்பங்கரையில் இருப்பேன்.

உன் அக்கா,
ஆதிலட்சுமி